மூஸா மாப்பிள்ளையும் ஆயில் கூலரும்

காயல்பட்டணத்தில் மாப்பிள்ளையாக இருப்பது சுகமான உத்தியோகம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அங்கே கல்யாணம் ஆனதும் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறான். தலை நரைத்துப் பேரன் எடுத்த பிறகும் அந்த வீட்டில் அவன் மாப்பிள்ளைதான். சோற்றில் நல்ல மீன் துண்டு அவனுக்கு, விசிறிக்குப் பக்கத்து இடம் அவனுக்கு. அவன் சொன்னதற்கு எதிர்ப்பேச்சுக் கிடையாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். இங்கே மாப்பிள்ளை எதை உடைத்தாலும் மண்குடம்தான். உடைந்த ஓட்டுத் துண்டைக்கூட அவன் அந்தப் பக்கம் போன பிறகுதான் பெருக்குவார்கள்.

இந்தச் சுகத்தைப் பதினான்கு வருஷம் அனுபவித்து அலுத்துப்போனவன் மூஸா.

அவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் லாஞ்சு ஃபிட்டர். அந்த நாளில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. ஐந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்க லாஞ்சு எனும் மோட்டார் படகுகள் போய்வரும். அந்த லாஞ்சு எஞ்சின்களின் வயிற்றுக்குள் பதினெட்டு வருஷமாகக் கைவிட்டுக் கொண்டிருந்தவன் அவன். எஞ்சின் இருமுகிற இருமலைக் கேட்டே எந்த உறுப்பில் நோய் என்று சொல்லிவிடுவான். துறைமுகத்தில் 'மூஸா பாத்துட்டாரா?' என்ற பிறகுதான் லாஞ்சை அவிழ்ப்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் படகுகள் அணையும் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருப்பான். வியாழன் மாலை பஸ் பிடித்துக் காயலுக்கு வருவான், சனி காலையில் திரும்பிவிடுவான்.

மாமனார் அபுல் ஹஸன் கொழும்பில் ரத்தினக் கடை வைத்து, அதை மகன் ஹாமிதிடம் ஒப்படைத்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். மூஸாவின் தகப்பனார் அவருடைய தோணியை நடத்தும் தண்டலாக இருந்தவர். அந்த நட்பில் நடந்த சம்பந்தம் இது. வீட்டில் எல்லாருமே முத்தையும் நீலக்கல்லையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் பேசுகிறவர்கள். எண்ணெயும் கிரீசும் படிந்த கையோடு அந்த வீட்டுக்குள் வரும் ஒரே ஆள் மூஸாதான். யாரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவன் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது. பதினான்கு வருஷத்தில் ஒரு தடவையாவது, இந்தக் கை என்ன செய்யும் என்று அந்த வீடு பார்க்க வேண்டும் என்று அவன் ஏங்கினான். வெளியே சொல்ல வெட்கமான ஏக்கம், ஆனால் இருந்தது.

1949 சித்திரையில் அதற்கு ஒரு வழி பிறந்தது. தோணியில் வந்தது.

கொழும்பில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பும்போது, தன் ஸ்போர்ட்ஸ் காரை ஹாமிதிடம் விற்றுவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரலாம். முன்பக்கம் நீளமான மூக்கு, சக்கரத்தில் சைக்கிளைப் போலக் கம்பிகள், தலைக்குமேல் மடக்கித் தள்ளிவிடும் துணிக்கூரை. ஹாமிது அதைத் தோணியில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பி, கூடவே ஒரு மரப்பெட்டியும் ஒரு கடிதமும் அனுப்பியிருந்தான். அபுல் ஹஸன் கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படித்தார். திரைக்குப் பின்னால் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மச்சானுக்கு ஸலாம். இந்தக் காரை வெகு தூரம் ஓட்டினால் எஞ்சின் எண்ணெய் அதிகமாய்ச் சூடாகி இளகிப் போகிறது. அதற்காக லண்டனிலிருந்து ஆயில் கூலர் என்று ஒரு சாமான் தருவித்திருக்கிறேன். பெட்டியில் இருக்கிறது. உங்களைவிட எஞ்சின் தெரிந்தவர் நம் வீட்டில் யார்? தாங்களே மாட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை நான் கப்பலில் வந்து இறங்கும்போது ஜெட்டிக்குக் காரோடு வர வேண்டியது."

'உங்களைவிட எஞ்சின் தெரிந்தவர் யார்' என்ற இடத்தில் மூஸாவின் காது சிவந்தது. மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"முடியுமா மாப்பிள்ளை?"

"அதுக்கென்ன மாமா. லாஞ்சுலயும் ஆயில் கூலர் உண்டு. நான் பாக்காத கூலரா?"

ஆழம் தெரியாமல் காலை விட்டான் என்று சொல்ல முடியாது. ஆழம் தெரியும் என்று நம்பித்தான் விட்டான். கம்பெனியில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். வீட்டுக்கு எதிரே இருந்த பழைய சரக்குக் கொட்டகையில் காரை நிறுத்தி, கைலியை மடித்துக் கட்டி, மரப்பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கினான்.

உள்ளே வைக்கோலுக்கு நடுவில் இரண்டு சாண் அகலத்தில் ஒரு பித்தளைச் சட்டம் இருந்தது. சட்டத்துக்குள் மீன் செவுள் மாதிரி அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள். ஊதினால் காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. ஓரங்களில் இரண்டு வாய்கள். அவற்றில் மாட்டத் துணி சுற்றிய இரண்டு ரப்பர்க் குழாய்கள், நான்கு போல்ட், இரண்டு இரும்புப் பட்டை. இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதமும் இருந்தது. அதில் காரின் மூக்குக்குள், ரேடியேட்டருக்கு முன்னால், அந்தச் சட்டம் நிற்பதாகப் படம் போட்டிருந்தது.

மூஸா சட்டத்தை முன்னும் பின்னும் திருப்பினான். எண்ணெய் உள்ளே வர ஒரு வாய், வெளியே போக ஒரு வாய். சரி. தண்ணீர் எங்கே வரும்?

லாஞ்சில் ஆயில் கூலர் என்பது இரும்பு உருளை. அதற்குள் எண்ணெய் மெல்லிய குழல்களில் ஓடும். படகின் அடிவயிற்றிலிருந்து கடல் தண்ணீரை பம்பு இழுத்து அந்தக் குழல்களைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் கொட்டும். நான்கு வாய்: எண்ணெய்க்கு இரண்டு, தண்ணீருக்கு இரண்டு. பதினெட்டு வருஷமாக அவன் கையில் புரண்ட கூலர்களுக்கெல்லாம் நான்கு வாய்தான். இதற்கு இரண்டு. மீதி இரண்டை எங்கே தொலைத்தார்கள்?

வைக்கோலைக் கொட்டி உதறினான். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். ஒன்றும் விழவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் தூத்துக்குடி போய், காரையும் பெட்டியையும் துறைமுகத்தில் மீட்டுக் கொடுத்த கிளியரிங் ஏஜெண்ட் வன்னியபெருமாளைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, பெட்டி ஒண்ணுதான் வந்துச்சா? இன்னொண்ணு தோணியிலேயே தங்கிப் போச்சா?"

வன்னியபெருமாள் காகிதக் கட்டைப் புரட்டிச் சாமான் பட்டியலை எடுத்தார். "கூலர் ஒண்ணு. குழாய் ரெண்டு. போல்ட் நாலு. பட்டை ரெண்டு. எல்லாம் வந்திருக்கே மூஸா. எது கொறையுது?"

"தண்ணி டிரம்மு, பம்பு... தண்ணியப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

"தண்ணின்னு ஒரு எழுத்து இல்ல வே. மாட்டுத விதம் தனியா ஒரு காயிதத்துல இருக்குன்னு போட்டுருக்கு. அதக் கொண்டாங்க, வாசிச்சுச் சொல்லுதேன்."

அந்தக் காகிதம் மூஸாவின் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் இந்தக் கதை அந்த நிமிஷமே முடிந்திருக்கும். ஆனால் வன்னியபெருமாளின் மேஜையைச் சுற்றி நாலு லாஞ்சுக்காரர்கள் நின்றார்கள். 'மூஸாவுக்கே காகிதம் வாசிச்சுக் காட்டணுமாம்' என்று சாயங்காலத்துக்குள் ஜெட்டி முழுக்கப் பரவிவிடும்.

"அதெல்லாம் பாத்தாச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான். கௌரவத்தையும் விட முடியவில்லை, குழப்பத்தையும் விட முடியவில்லை.

மூன்று நாள் அவன் அந்தச் சட்டத்தோடு மல்லாடினான். காரின் ரேடியேட்டரைப் பார்த்தான். அதற்குள்ளும் தண்ணீர்தான் ஓடுகிறது. ஆக, சீமைக்காரனும் தண்ணீரை நம்புகிறவன்தான். காற்றே சூட்டை வாங்கிவிடும் என்றால் லாஞ்சுக்கு எதற்குக் கடல் தண்ணீர்? கடலில் அடிக்காத காற்றா? பதினெட்டு வருஷம் கச்சான் காற்றிலும் வாடைக் காற்றிலும் கிடந்த எஞ்சின்கள் ஒரு தடவைகூடக் காற்றால் ஆறியதில்லையே. யோசிக்க யோசிக்கக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. குளிர் தேசத்துக்காரன் தண்ணீர் வேண்டாம் என்று விட்டிருப்பான், நம் வெயிலுக்குத் தண்ணீர் இல்லாமல் ஆகாது என்று கடைசியில் ஒரு நியாயம் கண்டுபிடித்தான். அந்த நியாயம் பிடித்தபிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கியது.

ஆறுமுகநேரியில் தகர வேலை செய்யும் சுந்தர்சிங்கிடம் சட்டத்தைக் கொண்டுபோனான்.

"இதச் சுத்தி ஒரு தகரப்பெட்டி அடிங்க. ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. மேல தண்ணி ஊத்த ஒரு மூடி, கீழ திறந்துவிட ஒரு குழாய். இந்த ரெண்டு வாய் மட்டும் வெளிய தெரியணும்."

சுந்தர்சிங் தகடுகளுக்கு நடுவே ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "இத்தன சல்லடையா விட்டுருக்கானே. காத்து போறதுக்குத்தானே இருக்கும்? நீங்க அடைக்கச் சொல்லுதீங்க."

"நீங்க தகரத்த அடிங்க."

"எனக்கென்ன, அடிக்கேன்" என்றார் சுந்தர்சிங். அடித்தும் கொடுத்தார். வேலை சுத்தமாக இருந்தது.

மூஸா அந்தப் பெட்டியைப் படத்தில் கண்ட இடத்தில், காரின் மூக்குக்குள் ரேடியேட்டரை ஒட்டி, பட்டை வைத்து முறுக்கினான். குழாய் மரைகளில் லாஞ்சு வழக்கப்படி சணலும் வெள்ளை ஈயமும் வைத்து இறுக்கினான். பெட்டியில் ஒன்றரைக் குடம் தண்ணீர் ஊற்றினான். எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிஷம் ஓடவிட்டான். எண்ணெய் ஒழுகவில்லை. தண்ணீர் ஒழுகவில்லை. ஸ்டேஷன்வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். நன்றாகத்தான் போனது. யுத்தகாலத்தில் துறைமுக லாரி ஓட்டிப் பழகிய கை அது. தெருவில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பெண்கள் நடக்கிற பின் முடுக்குக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததையும் அவன் கவனித்தான். அங்கேதான் அவன் மனைவி பல்கீஸ் நின்றிருப்பாள்.

அபுல் ஹஸன் தினமும் பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டுக் கொட்டகைப் பக்கம் வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வருவார். தகரப்பெட்டிக்கு முன்னால் கொஞ்சம் நிற்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார்.

"மாஷா அல்லாஹ்" என்பார். போய்விடுவார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தம்மடைப் பலகாரமும் தேநீரும் வரும். சாப்பிட்டுக்கொண்டே மூஸா, மாமா என்ன சொல்ல வந்தார் என்று யோசிப்பான். பாராட்டத்தான் வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொள்வான்.

வியாழக்கிழமை சாப்பாட்டில் துணிந்து கேட்டுவிட்டான். "மாமா, நாளைக்கு ஜெட்டிக்கு நீங்களும் வாங்களேன். ரெண்டு பேர் உக்காரலாம்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. அபுல் ஹஸன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒட்டி உட்கார்ந்து பயணம் போவது அந்த வீட்டில் நடந்ததில்லை.

"நீங்க கூப்பிட்டா வாரேன் மாப்பிள்ளை" என்றார்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள். இருபது மைல் பயணம், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அபுல் ஹஸன் குடை, கூஜா நிறையத் தண்ணீர், பேரீச்சம்பழப் பொட்டலம், தொழுகைப் பாய் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். கிட்டத்தட்ட ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். எதற்கு இவ்வளவு என்று மூஸாவுக்கு விளங்கவில்லை. வயசானவர், இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டும்வரை சொர்க்கமாக இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. மாமனாரின் தாடி பறந்தது. மூஸாவுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் மாமனார் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டான்.

முக்காணி தாண்டி, பழையகாயலுக்குக் கிட்டத்தில், இரண்டு பக்கமும் உப்பளம் வெளுத்துக் கிடக்கிற இடத்தில் காரின் மூக்கிலிருந்து ஒரு சீறல் கேட்டது. அடுத்த நொடி முன் கண்ணாடி தெரியாதபடி ஆவி கிளம்பியது. மூஸா எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தான்.

ரேடியேட்டர் கொதித்துப் பொங்கியது. தகரப்பெட்டியைத் தொட்டான். அதில் தண்ணீர் குளிக்கிற சூடுகூட இல்லை. எண்ணெய்க் குழாயைத் தொட்டான். சூடுதான், ஆனால் மோசமில்லை. ஆற வேண்டியது ஆறியிருக்கிறது, பிறகு எது கொதிக்கிறது? கூலர் மாட்டாதவரை கொதிக்காத வண்டி, கூலர் மாட்டியதும் கொதிக்கிறது. லாஞ்சிலே இப்படி ஒரு நோயை அவன் கண்டதில்லை. பானட்டைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். என்ன பார்க்கிறோம் என்றே தெரியாமல் பார்த்தான். ஒதுங்க ஒரு மரம் இல்லாத வெட்டவெளி. கப்பல் பதினொரு மணிக்கு. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

அபுல் ஹஸன் இறங்கினார். குடையை விரித்தார். விரித்த குடையை மூஸாவின் தலைக்குமேல் பிடித்தார்.

"மாப்பிள்ளை, தண்ணி குடிங்க."

"மாமா, எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றான் மூஸா. சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவனுக்கு உறைத்தது. பதினான்கு வருஷத்தில் அவன் அந்த மனுஷரிடம் சொல்லாத சொல் அது.

அபுல் ஹஸன் தொண்டையைச் செருமினார். உப்பளத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"அந்தத் தகரம்... காத்து போற வழிய அடைச்சிருக்குமோன்னு..."

"என்ன மாமா?"

"காரு ஓடையில காத்து முன்னால புகுந்து அந்தச் சல்லடை வழியாப் போயி ரேடியேட்டர்ல படணுமாம். எண்ணெய்யும் அதுலயே ஆறிருமாம். தண்ணி தேவையில்லையாம். நம்ம தகரம் ரெண்டையும் மறைச்சு நிக்குது." மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். "தகரக்காரர் சுந்தர்சிங் போன வாரமே வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. 'நான் சொன்னா அவரு கேக்கல, நீங்க சொல்லுங்க'ன்னாரு."

மூஸா அவரையே பார்த்தான். "போன வாரமேவா?"

"ஆமா."

"தினம் வந்து பாத்தீங்களே மாமா. சொல்லலையே."

"மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்லுறது?" அபுல் ஹஸன் உண்மையாகவே திகைத்துக் கேட்டார்.

"கொதிக்கும்னு தெரிஞ்சேவா ஏறினீங்க?"

"நீங்க கூப்பிட்டீங்களே."

குடை, கூஜா, பேரீச்சம்பழம், தொழுகைப் பாய் எல்லாம் எதற்கென்று மூஸாவுக்கு இப்போது விளங்கியது. நடு ரோட்டில் நிற்கப்போகிறோம் என்று தெரிந்து, நிற்பதற்குத் தயாராகக் கிளம்பி வந்திருக்கிறார் மனுஷர். கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவதென்று தெரியாமல் இரண்டும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றன.

"வேற என்னெல்லாம் மாமா என்கிட்ட சொல்லாம விட்டுருக்கீங்க?"

வெறும் ஆற்றாமையில் கேட்ட கேள்விதான் அது. ஆனால் அபுல் ஹஸன் பொய் சொல்லத் தெரியாதவர். கேட்காதவரை சொல்லமாட்டார், அவ்வளவுதான். கேட்டபிறகு அவரால் அடக்க முடியவில்லை.

"கிணத்துல நீங்க ஒரு கைப்பம்பு வெச்சீங்கள்ல. யுத்தம் நடக்கும்போது."

லாஞ்சிலிருந்து கழித்துப் போட்ட பம்பு அது. மூஸா அதைச் சரிசெய்து கிணற்றில் பொருத்தி, குளியலறைச் சுவரின்மேல் தொட்டி கட்டி, கீழே குழாய் வைத்திருந்தான். பெண்கள் கயிறு இழுத்துக் கஷ்டப்பட வேண்டாம் என்று செய்த வேலை. ஒவ்வொரு வாரமும் அந்தக் குழாயைத் திறந்து தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது அவனுக்கு ஒரு நிறைவு வரும். இந்த வீட்டில் நானும் ஒன்று செய்திருக்கிறேன் என்ற நிறைவு.

"அதுக்கென்ன மாமா?"

"அது மூணு வாரத்துலயே நின்னு போச்சு மாப்பிள்ளை. அப்பறம் ஓடல. நீங்க வியாழக்கிழமை வாறதுக்கு முந்தி பல்கீஸு ஏணி வெச்சு ஏறி, குடங்குடமாத் தொட்டிய நெரப்பி வெச்சிருவா."

"ஏழு வருஷமாவா?"

"இந்த லீவுல பத்து நாளும் நீங்க வீட்டுல இருந்தீங்கள்ல. நீங்க விடியல்ல சுபுஹு தொழப் போகையில தினம் நெரப்பினா. பாவம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஏழு வருஷம் ஒரு கிணற்றை மறைத்த வீடு அது. மூஸா ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். துறைமுகமே அவன் பேச்சைக் கேட்டுத்தான் லாஞ்சை அவிழ்க்கிறது. வீட்டில் ஒரு கைப்பம்பு செத்துக் கிடந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. யார் யாரை ஏமாற்றினார்கள்? இது மரியாதையா, அவமானமா? அவனுக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொண்டான்.

பிறகு எழுந்தான். கூஜாத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிட்டு, பெட்டியிலிருந்த தண்ணீரைக் கீழ்க்குழாய் வழியாக அதில் பிடித்து வைத்தான். தகரத்தின் ஈய ஒட்டுகளை உளி வைத்துப் பெயர்த்தான்.

"மாமா, இங்கன கொஞ்சம் பிடிங்க."

நீலக்கல் பிடித்த விரல்களால் அபுல் ஹஸன் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். கரி ஒட்டியது. தகரம் பிரிந்து வந்ததும் செவுள் தகடுகள் வெளியே தெரிந்தன. கடல்காற்று அதன் வழியாகப் புகுந்து போவதை மூஸா மறுபக்கம் கையை வைத்துப் பார்த்தான். ரேடியேட்டர் ஆறியதும் கூஜாத் தண்ணீரை ஊற்றினான். கிளப்பினான்.

தூத்துக்குடி போய்ச் சேரும்வரை சூடு காட்டும் முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜெட்டியில் ஹாமிது ஏற்கெனவே இறங்கிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். ஓடி வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். "மச்சான், மாட்டிட்டீங்களா! எப்படி ஓடுது?"

மூஸா வாய் திறக்குமுன் அபுல் ஹஸன் சொன்னார். "உன் மச்சான் மொதல்ல தப்பா மாட்டிட்டாருலே. நடுவழியில கொதிச்சு நின்னுச்சு. அங்கனயே பிரிச்சு நேர் பண்ணிட்டாரு. இப்ப நல்லா ஓடுது."

ஹாமிது விழித்தான். வாப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துத் தப்பு என்று சொல்லி அவன் கேட்டதே கிடையாது. மச்சான் முகம் வாடுமோ என்று பயந்து மூஸாவைப் பார்த்தான். மூஸா கார் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் முகம் வாடவும் இல்லை, மலரவும் இல்லை. நாலு பேர் முன்னால் தன்னைத் தப்பு என்று சொன்னதற்கு ஏன் இப்படி நெஞ்சு லேசாகிறது என்று அவனுக்கே புரியவில்லை.

இரண்டு பேர் வண்டி அது. தகப்பனும் மகனும் காரில் போனார்கள். மூஸா ஜும்ஆ தொழுதுவிட்டு பஸ் பிடித்தான். வீட்டுக்கு வந்து சேர அஸர் நேரம் ஆகிவிட்டது. நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மாமனார் முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

பின்னால் பல்கீஸ் நின்றாள். கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். அவன் இழுத்து விரித்துப் பார்த்தான். உள்ளங்கை முழுக்கக் கயிறு உரசிய தழும்பு, அதன்மேல் இந்தப் பத்து நாளில் வந்த கொப்புளம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பல்கீஸு" என்றான்.

"சொல்லத்தான் நெனச்சேன். பம்பு நின்ன வாரமே நெனச்சேன்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க வந்து குழாயத் திறந்தீங்க. தண்ணி வந்ததும் உங்க மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. இந்த வீட்டுல நீங்க சிரிச்சு நான் அப்பத்தான் பாத்தேன். வாரம் ஒரு தடவையாச்சும் அதப் பாத்துருவோமேன்னு..."

மூஸா அவள் கையை விட்டான். கிணற்றடிக்குப் போனான். வாளியைக் கயிற்றோடு உள்ளே விட்டான். இழுத்தான். கயிறு ஒரு பக்கம் வழுக்கி, வாளி சுவரில் இடித்து, பாதித் தண்ணீர் உள்ளேயே கொட்டியது.

பல்கீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"தள்ளி நில்லுங்க" என்றாள். "உங்களுக்கு எறைக்கத் தெரியல."